அவதி என்னும் சொல்

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்க்கு, வந்த இடத்து மொழியில் முற்றிலும் புதிய சொற்களைக் கற்பது அவ்வளவு கடினமன்று. தாம் பிறந்ததுமுதல் அறிந்த சொல்லே வேறு பொருளோடு எதிரே வந்து நிற்கும்போதுதான் தடுமாற்றம் உண்டாகிறது. கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் புதிதாக வந்து தங்கும் தமிழர் இவ்வனுபவத்தை முதல் வாரத்திலேயே பெற்றுவிடுவர். பள்ளிக்கூட வாயிலில் 'இன்று அவதி' என்று எழுதியிருக்கும். வங்கியின் கதவிலும் அவ்வாறே. அடுத்த வீட்டு எழுத்தர் முகமலர்ச்சியோடு, தமக்கு நாளை அவதி என்பார். என்ன துன்பம் நேர்ந்ததோ என்று நம்மவர் பதறுவார். அவரோ விடுமுறை கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்ல வந்தவர்.

மலையாளத்தில் இச்சொல் விடுமுறையோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றத்தில் ஒரு வழக்கை வேறு நாளுக்குத் தள்ளினால் அதனை அவதிக்கு வைத்தார்கள் என்பர். ஒரு பதவிக்கோ ஒப்பந்தத்துக்கோ உரிய காலம் அங்கே 'காலாவதி'. தமிழில் நாம் காலாவதி என்று கூறுவது அக்காலம் முடிந்து போனதை. அவர்கள் கூறுவது அக்காலம் நடந்துகொண்டிருப்பதை. மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரு மொழியினரும் உரையாடினால் வேடிக்கையான குழப்பம் விளையும். தில்லியிலும் பம்பாயிலும் வாழ்வோர் இந்தியில் இதே சொல்லைக் காலவரை என்ற பொருளில் கேட்டிருப்பர். பெங்களூரில் வாழ்வோர் கன்னடத்திலும் அவ்வாறே கேட்டிருப்பர். (அயோத்தியின் பெயரால் அமைந்த அவதி மொழி இதனின் வேறானது, அதனை இங்கே கலக்க வேண்டா.)

சொல்லின் பிறப்பு வடமொழியில். வைத்தல், இடுதல் என்று பொருள்படும் 'தா' என்னும் வினையடியோடு, கீழ் என்னும் கருத்துடைய 'அவ' என்னும் முன்னொட்டுச் சேர்ந்தது. ஆகவே அவதி என்றால் ஊன்றி வைக்கப்பட்ட எல்லை. வயலுக்கு நடும் எல்லைக்கல்லைப் போலக் காலத்துக்கு நடும் கல் என்று கொள்ளலாம். தமிழிலும் பழைய நாளில் இப்பொருள் வழங்கியது. சமண நூல்களில் வரும் 'அவதி ஞானம்' என்பது துன்ப ஞானம் அன்று, ஓர் எல்லைக்கு உட்பட்ட அறிவு என்பது கற்றோர்க்குத் தெரியும். ஆயினும் இன்றைய தமிழில் அவதிப்படுதல் என்றால் துன்புறுதல் ஒன்றே. எல்லையைக் குறிக்கும் சொல்லையும் துன்பத்தைக் குறிக்கும் சொல்லையும் இருவேறு சொற்களாகக் கருதுவாரும் இருக்கலாம். அவை ஒன்றே என்று நான் நினைப்பதற்குக் காரணம், தண்டனையைத் தள்ளிவைத்தல் என்னும் வழக்கத்தின் வரலாற்றில் கிடைக்கிறது. அதனைச் சொல்லுமுன் மட்டாஞ்சேரிக் கடைவீதியைச் சற்றே பார்த்துவிடுவோம்.

மட்டாஞ்சேரி பல மொழிகள் ஒரே சந்தில் வழங்கும் ஊர். கொங்கணி பேசுவோர், குஜராத்தி வணிகர், கச்சி முஸ்லிம்கள், யூதர், தமிழர் எனப் பலரும் வந்து சேர்ந்த இடம். அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சுக்காரர் தம் படையினரின் உடை வெளுப்பதற்காகத் தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இவர்கள் அனைவரையும் இணைத்தது வாணிகம். அவ்வாணிகத்தின் உயிர் மிளகு. 1952-இல் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் அமைந்தது. 1957-முதல் அங்கே மிளகுக்கு முன்பேரம் நடந்தது. இன்று விலை பேசிப் பின்னொரு நாளில் சரக்கைக் கொடுப்பதாக ஏற்றுக்கொள்ளும் வியாபாரம் அது. கூடத்தில் தரகர்கள் உரத்த குரலில் விலை கூவிய அந்த முறை இப்போது இல்லை. மலையாளத்தில் இத்தகைய வியாபாரத்துக்குப் பெயர் 'அவதி வியாபாரம்'. குஜராத்தியர் இதனை 'வாயதோ' என்பர், இந்தியில் 'வாயதா'. அரபு மொழியில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல்லே பாரசீகம், உருது வழியாக இவ்வாறு வந்தது.

இந்த 'வாயதா'தான் தமிழ்நாட்டில் 'வாய்தா'. நவாபு காலத்து வருவாய்த் துறை வழியாக நம் ஊர்களுக்கு வந்து, முதலில் நிலவரி செலுத்தும் தவணையையும் பின் அவ்வரியையுமே குறித்தது. பிறகு நீதிமன்றம் ஏறிற்று. வழக்காடியவர் குடும்பத்தில் இச்சொல்லைக் கேட்டாலே பெருமூச்சு எழும். ஆக, வடக்கே வாயதா என்றால் சந்தை, தெற்கே வாய்தா என்றால் நீதிமன்றம். கேரளத்தில் அவதி என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானதாயிற்று. சந்தையும் நீதிமன்றமும் காலத்தைத் தள்ளிவைப்பதில் ஒன்றுபோலவே இயங்குகின்றன என்பதனை மொழி எப்போதோ கண்டுகொண்டது.

தமிழில் இதற்கு வேறு சொற்களும் உள. 'கெடு' என்பதைக் கேட்டவுடன் கெடுதல் என்னும் வினையையே நினைக்கிறோம். உண்மையில் அது தெலுங்கின் 'கடுவு' என்னும் சொல்லோடு உறவுடையது. காலம் கடத்தல் என்பதிலுள்ள 'கட'வே அதன் மூலம். மலையாளத்திலும் 'கடு' என்றால் தவணைப் பணம். 'தவணை' மலையாளத்தில் 'தவண' ஆகி, ஒரு முறை, இரண்டு முறை என்று எண்ணுவதற்கும் பயன்படுகிறது. 'ஒத்திவைத்தல்' என்பதில் உள்ள ஒத்துதல் விலகுதல், விலக்கிவைத்தல் என்ற பொருளது. கூட்டத்தில் வழி விடச் சொல்லும்போது கிராமத்தார் இன்றும் 'ஒத்து' என்பர். தண்டனையை ஒத்திவைப்பது என்றால், வந்துகொண்டிருக்கும் தண்டனையைச் சற்றே ஒதுங்கி நிற்கச் சொல்வதாகும்.

மிளகு வியாபாரத்தில் அவதி என்பது விற்போன், வாங்குவோன் ஆகிய இருவர் மனமொத்துக் குறிக்கும் நாள். தண்டனையிலோ ஒருவர் கையில் வாள் இருக்கிறது, மற்றவரிடம் கழுத்து மட்டுமே இருக்கிறது. இங்கே நாள் குறிப்பவர் யார்? தள்ளிவைக்கும் உரிமை யாருடையது? இவ்வினா நம் இலக்கியத்தில் மிகத் தொன்மையானது.

புறநானூற்றில் கோவூர் கிழார் என்னும் புலவர் இருமுறை கொலைக்களத்தின் நடுவே வந்து நிற்கிறார். சோழன் கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இட முனைந்தபோது, அக்குழந்தைகளின் அறியாமையைச் சொல்லி அவனைத் தடுத்தார். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோதும், பரிசில் நாடித் திரியும் புலவர் வாழ்க்கையின் தீங்கற்ற இயல்பை எடுத்துரைத்து உயிர் காத்தார். இரண்டும் பாட்டினால் பெற்ற நிறுத்திவைப்பு எனலாம். அந்நாளில் மேல்முறையீட்டு மன்றம் இல்லை. புலவர் நாவே அம்மன்றம். சோழன் இளஞ்சேட்சென்னியைப் பாடிய ஊன்பொதி பசுங்குடையார், குற்றத்தை ஆராய்ந்த பின்னரே தண்டிப்பவன் என்றும், அடி பணிந்தாரிடம் தண்டத்தைத் தணிப்பவன் என்றும் அவனைப் புகழ்கிறார். புகழ்ச்சியாகச் சொல்லவேண்டியிருந்தது என்றால், எல்லா மன்னரும் அவ்வாறு செய்யவில்லை என்பது வெளிப்படை.

அவ்வாறு செய்யாத ஒரு மன்னனின் கதையே சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். இக்காப்பியத்தை இயற்றிய இளங்கோவடிகள் சேர நாட்டவர். மட்டாஞ்சேரிக்கு வடக்கே உள்ள கொடுங்கல்லூரைப் பழைய வஞ்சியோடும், அங்குள்ள பகவதி கோயிலைக் கண்ணகியோடும் இணைத்துச் சொல்லும் மரபு கேரளத்தில் வலுவாக உண்டு. எனவே இக்கதை கொச்சித் தமிழர்க்கு அயல் நாட்டுக் கதை அன்று. பாண்டியன் அரசியின் ஊடலைத் தணிக்கச் சென்றுகொண்டிருந்தான். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்றான். மன்னன் நடையை நிறுத்தவில்லை. சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு காவலர்க்கு ஆணையிட்டு மேலே சென்றான். 'கொல்ல' என்று சொல்ல வேண்டியவன் 'கொன்று' என்று சொல்லிவிட்டான் என விளக்குவோர் உண்டு. அதாவது, கொல்லுதற்பொருட்டு அழைத்து வருக என்று சொல்லியிருந்தால் கோவலன் மன்னன் முன் நின்றிருப்பான். சொல்லின் ஈறு ஒன்று மாறியதால் அந்த இடைவெளி இல்லாமல் போயிற்று.

அவ்விடைவெளிக்கு எவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கும்? பின்னர்க் கண்ணகி வந்தபோது நடந்த விசாரணையை எண்ணிப் பார்த்தால் தெரியும். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூறினாள். தேவியின் சிலம்பிலுள்ளது முத்து என்று மன்னன் கூறினான். சிலம்பு உடைக்கப்பட்டது. ஒரு கேள்வி, ஒரு விடை, ஒரு சோதனை. அரை நாழிகை போதும். கொலைக்களத்திலேயே காவலரில் ஒருவன், இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்று தயங்கினான். ஆனால் காவலனுக்குத் தள்ளிவைக்கும் உரிமை இல்லை. பொற்கொல்லனிடம் பேச்சுத் திறம் இருந்தது. குடிபோதையில் இருந்த ஒருவனிடம் வாளும் இருந்தது. மதுரை எரிந்ததற்குக் காரணம் ஊழ் என்று பதிகம் கூறும். ஊழ் எந்த வாயிலாக உள்ளே நுழைந்தது என்று நீதிமன்ற வழக்கம் அறிந்தவரைக் கேட்டால், விசாரணைக்கும் தண்டனைக்கும் இடையே ஒரு நாள்கூட வைக்காத அந்த வாயிலைத்தான் காட்டுவார்.

சேர நாட்டின் பிற்கால வழக்கங்களில் தண்டனையைத் தடுத்து நிறுத்தும் வழிகள் வேறு வகையில் அமைந்தன. கோயில்களுக்கு உரிய 'சங்கேதம்' என்னும் நிலப்பகுதிகள் அவற்றுள் ஒன்று. அவற்றின் எல்லைக்குள் அரசனின் ஆளும் நினைத்தபடி நுழைந்து ஒருவனைப் பிடித்துச் செல்ல இயலாது. அவதி என்பதன் இரு பொருளும், இடத்தின் எல்லையும் காலத்தின் எல்லையும், அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இன்னொன்று கைமுக்கு. சுசீந்திரம் கோயிலில் குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை இட்டு உள்ளிருக்கும் உருவத்தை எடுக்கவேண்டும். கையைக் கட்டி முத்திரையிட்டு, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறினர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இக்கொடிய வழக்கம் ஒழிந்தது. அந்தச் சில நாள் இடைவெளியைக் கருணை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் நிற்கிறது. ஏறத்தாழக் கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் அளித்த செப்பேடு இச்சமூகத்தின் பெருஞ்செல்வம். யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் தண்டனை ஒத்திவைப்பைப் பற்றி வரும் ஒரு பகுதியை எங்கே படித்தாலும் கோவலன் நினைவே எனக்கு வருகிறது. உயிர் போகும் வழக்கில், விடுதலைத் தீர்ப்பை அன்றே கூறலாம். தண்டனைத் தீர்ப்பை மறுநாள்தான் கூறவேண்டும். தீர்ப்புக்குப் பின் ஒருவனைக் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லும்போது, மன்றத்தின் வாயிலில் ஒருவன் கையில் துணியோடு நிற்பான். அவன் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஒருவன் குதிரைமேல் இருப்பான். யாரேனும் வந்து, இவனுக்குச் சார்பாக எனக்குச் சொல்வதற்கு ஒன்று உண்டு என்றால், வாயிலில் நிற்பவன் துணியை வீசுவான். குதிரைவீரன் விரைந்து சென்று தண்டனையை நிறுத்துவான். குற்றவாளியே தனக்குச் சார்பாகச் சொல்ல இருப்பதாகக் கூறினாலும், அதில் பொருள் இருக்குமாயின், நான்கு ஐந்து முறைகூடத் திரும்ப அழைத்து வருவர். இவ்விதி கொச்சியில் நடைமுறையில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. எனினும் மதுரைக் காவலருக்கு அத்தகைய துணி ஒன்று இருந்திருக்கலாமே என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

யூத ஆலயத்தின் அண்டையிலேயே மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கிறது. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்கு அளித்தது. 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்தது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் கதை வண்ண ஓவியங்களாக விரிகிறது. தசரதன் மகப்பேறு வேண்டிச் செய்த வேள்வியில் தொடங்கி, இராமன் அயோத்திக்குத் திரும்புவதுவரை. அரசர் கண்விழிக்கும்போதெல்லாம் எதிரே இருந்த கதை இது. நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய சொல் அக்கதையில்தான், வால்மீகியின் வாக்கிலேயே, வருகிறது.

சீதையை அசோக வனத்தில் சிறைவைத்த இராவணன் அவளுக்குப் பன்னிரண்டு மாதத் தவணை கொடுத்தான். அதற்குள் இணங்காவிட்டால் சமையற்காரர் அவளை வெட்டிக் காலை உணவாக்குவர் என்பது தண்டனை. அனுமன் மரத்தில் மறைந்திருந்து பார்க்கும் இரவில் இராவணன் மீண்டும் வந்து, தான் வைத்த கெடுவில் இன்னும் இரண்டு மாதங்களே இருக்கின்றன என்கிறான். அங்கே வால்மீகி கையாளும் சொல் 'அவதி'. இந்தியாவின் ஆதிகாவியத்தில் ஒரு கொலைத் தண்டனை நாள் குறித்து நிறுத்திவைக்கப்படும் இடத்தில் இச்சொல் அமர்ந்திருக்கிறது. வடமொழியறிந்தோர்க்கு அது காலவரை மட்டுமே. தமிழ்க் காதில் விழுமானால், அதே சொல் சீதையின் அந்தப் பன்னிரண்டு மாதத் துயரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். கெடு வைத்தவனுக்கு அது காலம். அதற்குள் இருப்பவளுக்கு அது துன்பம். எல்லைப் பொருளிலிருந்து துன்பப் பொருள் கிளைத்தது என்று நான் எண்ணுவது இதனால்தான். நாள் குறிக்கும் அதிகாரம் உடையவர் பக்கத்தில் நின்று கேரளம் அச்சொல்லை ஏற்றது. அந்நாளை எண்ணிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் நின்று தமிழ் ஏற்றது.

அதே காவியத்தில் தண்டனையைத் தணிக்கும் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பிடிபட்ட அனுமனைக் கொல்ல இராவணன் ஆணையிடுகிறான். தூதனைக் கொல்லுதல் முறையன்று, வேறு தண்டனை தரலாம் என்று வீடணன் குறுக்கிட, கொலை மாறி வாலுக்குத் தீ வைப்பதாகிறது. இலங்கைக்கு அது நன்மையாக முடியவில்லை என்பது வேறு செய்தி. போர்க்களத்தில் படையிழந்து நின்ற இராவணனை, இன்று திரும்பிச் சென்று மறுநாள் வருமாறு இராமன் விடுத்ததைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. கொடுத்தவனும் வாங்கியவனும் இடம் மாறி நிற்கும் அவதி அது.

ஐரோப்பிய மொழிகளில் இக்கருத்துக்கு வழங்கும் சொற்களும் சுவையானவை. தண்டனையை நிறுத்திவைப்பதற்கு ஆங்கிலேயர் 'ரிப்ரீவ்' என்பர். அது முதலில் கைதியை மீண்டும் சிறைக்கே அனுப்புவதைத்தான் குறித்தது. 'திரும்பப் பிடிக்கப்பட்ட' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு அதற்குத் தொடர்பு கூறுவர். தூக்குமேடையிலிருந்து திரும்பினாலும் போகுமிடம் சிறைதானே. இன்னொரு சொல் 'ரெஸ்பைட்'. அது இலத்தீனில் 'திரும்பிப் பார்த்தல்' என்னும் வினையிலிருந்து வந்தது. இதைப் படிக்கும் தமிழர்க்குத் திருக்குறளின் 'கண்ணோட்டம்' என்னும் அதிகாரம் நினைவுக்கு வரும். வெருவந்த செய்யாமை என்று கொடுமையை விலக்கச் சொன்ன அதிகாரத்துக்கு அடுத்தபடியாகவே வள்ளுவர் அதனை வைத்திருக்கிறார். ஒருவன்மேல் கண்ணை ஓட்டுவதும், ஒருவனைத் திரும்பிப் பார்ப்பதும், இருவேறு நாட்டார் தாமே கண்டுகொண்ட ஒரே செயல்.

இவ்விரண்டு ஆங்கிலச் சொற்களும் 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 72-ஆம், 161-ஆம் உறுப்புகளில் அருகருகே இடம்பெற்றுள்ளன. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் தண்டனையை மன்னிக்கலாம், நிறுத்திவைக்கலாம், குறைக்கலாம், மாற்றலாம். கோவூர் கிழார் பாட்டினால் வேண்டியதை இன்று கருணை மனுவினால் வேண்டுகிறோம். கருவுற்ற பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் அதனைத் தள்ளிவைக்கவேண்டும் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டமே விதித்திருந்தது. பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து பின் தாயைத் தூக்கிலிடலாம் என்பது அவ்விதியின் மறைபொருள். பிற்காலத் திருத்தம் ஒன்று அதனை அகற்றி, அத்தண்டனையை ஆயுள் தண்டனையாகவே மாற்றவேண்டும் என்று ஆக்கியது. 2023-ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

கொச்சிக்குத் தெற்கே திருவிதாங்கூரில், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, 1944-இல் தூக்குத் தண்டனை நீக்கப்பட்டது. தள்ளிவைப்பதற்கு ஒன்றுமே இல்லாத நிலை அது. விடுதலைக்குப் பின் இந்தியச் சட்டம் அங்கும் பரவியபோது தூக்கும் திரும்பி வந்தது.

தமிழ்நாட்டில் இந்த அவதியை உள்ளிருந்து அனுபவித்தோர் பலர். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் லோன் என்னும் வெள்ளையதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இளைஞர் இருவர்க்குத் தூக்கு விதிக்கப்பட்டது. முறையீடுகளும் வேண்டுகோள்களும் நீண்டன; தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று; பின்னர் இருவரும் விடுதலை பெற்றனர். நாள் தள்ளாதிருந்தால் விடுதலை பெற்ற நாட்டை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள். கோவையில் தொழிற்சங்கப் பணி செய்த சி. ஏ. பாலன் தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு மீண்டவர். 'தூக்குமர நிழலில்' என்ற தம் நூலில் அந்த நாட்களை எழுதினார். மலையாளிகளும் தமிழரும் தத்தம் மொழியில் படித்த நூல் அது. அவதி என்னும் சொல்லுக்கு இரு மொழிகளும் கொடுத்த பொருள்கள் ஒரே மனிதனின் வாழ்க்கையில் கூடியதற்கு அதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நிறுத்திவைத்தலே தண்டனையாகுமா என்ற வினாவை இந்திய உச்ச நீதிமன்றம் நேரே எடுத்துக்கொண்டது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். தூக்கு விதிக்கப்பட்டுத் தனிக்கொட்டடியில் எட்டாண்டுக் காலம் காத்திருந்த ஒருவரின் முறையீட்டில், 1983 பிப்ரவரியில், நீதியரசர் சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். தண்டனை விதிக்கப்பட்டபின் இரண்டாண்டுக்கு மேல் தாமதமானால், அக்காத்திருப்பே மனிதத் தன்மையற்ற கொடுமை என்றும், தூக்கை ஆயுளாக மாற்றவேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. சில வாரங்களுக்குள்ளேயே, பஞ்சாபிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் வேறு நீதிபதிகள், இரண்டாண்டு என்ற கட்டாய வரம்பு வைக்க இயலாது என்றனர். 1989-இல் ஐந்து நீதிபதிகள் கூடி, ஆண்டுக்கணக்கு ஒன்று வகுக்க மறுத்தாலும், மிகையான தாமதத்தைக் கருதிப் பார்க்கலாம் என்று முடிவு கூறினர். அவதி துன்பமே என்ற தமிழ்ப் பொருளைச் சட்டம் பாதி ஏற்றுக்கொண்ட நிலை அது.

மீதிப் பாதி 2014-இல் வந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட மூவரின் கருணை மனுக்கள் பதினோராண்டுக் காலம் விடையின்றிக் கிடந்து, 2011 ஆகஸ்டில் மறுக்கப்பட்டன. செப்டம்பர் 9 என்று நாளும் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரத்துக்குத் தடை விதித்தது. அவ்வெட்டு வாரம் இரண்டரை ஆண்டாக நீண்டது. 2014 பிப்ரவரி 18-இல், தாமதத்தையே காரணமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் மூவர்க்கும் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அவ்வழக்கைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் பல. இக்கட்டுரைக்கு அவை வேண்டியதில்லை. நாம் கவனிக்கவேண்டியது, அதற்கு முந்திய மாதம், ஜனவரி 21-இல், வெவ்வேறு மாநிலத்துக் கைதிகள் பதினைவரின் தூக்கை அதே மன்றம் ஆயுளாக மாற்றியபோது வகுத்த ஒரு சிறு விதியை. கருணை மனு மறுக்கப்பட்ட செய்தி கைதிக்கு எழுத்தில் கிடைக்கவேண்டும். கிடைத்த நாளுக்கும் தூக்கிடும் நாளுக்கும் இடையே குறைந்தது 14 நாள் விடவேண்டும். அந்தப் பதினான்கு நாட்களில் அவர் தம் மனத்தை ஒருநிலைப்படுத்திக்கொள்ளலாம், உயில் எழுதலாம், இறைவனை வேண்டிக்கொள்ளலாம், வீட்டாரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம், இன்னும் ஒரு வழக்கறிஞர் வாயிலாக மன்றத்தின் கதவைத் தட்டவும் செய்யலாம்.